சுங்குடிப் புடவையில் எலாஸ்டிக் லாங் ஸ்கர்ட்: வீட்டிலேயே தைக்க முழு வழிகாட்டி

அம்மாவின் அரக்கு நிறச் சுங்குடிப் புடவை ஒன்று பீரோவின் அடித்தட்டில் பல வருஷம் மடித்தபடியே கிடந்தது. கட்டிக் கட்டிக் கீழ்க்கரை நைந்துவிட்டது. கால் மிதிபட்ட இடத்தில் நூல் பிரிந்து தொங்கியது. ஆனால் உடல் பகுதி அப்படியே இருந்தது. நூறு தடவை துவைத்த பருத்திக்கு வரும் அந்த மெத்தென்ற பதம் எந்தப் புதுத்துணியிலும் கிடைக்காது. அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. லாங் ஸ்கர்ட்டாகத் தைத்தேன். அதற்கப்புறம் அக்காவுக்கு, அவள் மகளுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று நிறைய தைத்தாகிவிட்டது.

இதில் ஜிப் கிடையாது, ஹூக் கிடையாது, உடம்பு வளைவுக்காகப் பிடிக்கும் டார்ட் மடிப்பும் கிடையாது. நேராகத் தையல் ஓட்டத் தெரிந்தால் போதும். தவறு நடக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்: இடுப்பு எலாஸ்டிக். அதை இன்ச் டேப் சொல்கிற எண்ணை நம்பி வெட்டக்கூடாது, உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அந்த இடத்துக்கு வரும்போது விரிவாகச் சொல்கிறேன்.

புடவையைப் பார்ப்பது

முதலில் புடவையை வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடியுங்கள். நைந்த இடம் சல்லடை மாதிரி வெளிச்சத்தை விடும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து லேசாக இழுங்கள். இழை நகர்ந்து விலகினால் அந்தப் பகுதி வேண்டாம். கொசுவம் வைத்துச் செருகிய இடமும், ஊக்கு குத்திய தோள்பட்டை இடமும் எப்போதும் சந்தேகத்துக்குரியவை.

மதுரையில் சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகத் துணியை விரல் நுனியில் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துச் செய்வது சுங்குடி. 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று கடைகளில் அச்சடித்த சுங்குடிதான் அதிகம். உங்களிடம் இருப்பது எது என்று புள்ளியை உற்றுப் பார்த்தாலே தெரியும். கையால் முடிந்த புள்ளி ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஒன்று சற்றுக் கோணலாக இருக்கும், இன்னொன்றின் நடுவே சாயம் ஒரு சின்னப் பொட்டாகத் தங்கியிருக்கும். அப்படிப்பட்ட புடவை இன்னும் கட்டுகிற நிலையில் இருந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள். கரை போனது, முந்தானை கிழிந்தது, கறை போகாதது, இவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபால் தைத்திருந்தால் நிதானமாகப் பிரித்து எடுத்துவிடுங்கள். புடவையை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி முழுக்கப் போகும்வரை அலசிக் காயவையுங்கள். கஞ்சியோடு அளந்தால் துணி விறைப்பாக நின்று அளவு ஏமாற்றும். புதுப்புடவையாக இருந்தால் துவைக்காமல் வெட்டவே கூடாது. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். 40 இன்ச்சில் ஒரு இன்ச் போனாலும் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். எலாஸ்டிக்கையும் அதே தண்ணீரில் ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு இன்ச் அகல எலாஸ்டிக் ஒரு மீட்டர், புடவை நிறத்தில் நூல்கண்டு, இன்ச் டேப், சாக்பீஸ், நல்ல கத்தரிக்கோல், குண்டூசி, பெரிய ஊக்கு இரண்டு, கொஞ்சம் பருத்தி நாடா. மெஷினில் 14-ஆம் நம்பர் ஊசி. மிக மெல்லிய துணியானால் 11. ஊசி மழுங்கியிருந்தால் ஒவ்வொரு குத்துக்கும் 'டொக் டொக்' என்று சத்தம் வரும், துணியில் இழை இழுக்கும். உடனே மாற்றிவிடுங்கள். இஸ்திரிப் பெட்டி மெஷினுக்குச் சமமான கருவி என்று நினைத்துப் பக்கத்திலேயே வையுங்கள். வீட்டில் தைத்தது கடையில் தைத்ததுபோல் வராததற்குப் பாதிக் காரணம் ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போடாமல் அடுத்ததற்குப் போவதுதான்.

எலாஸ்டிக் வாங்கும்போது கடையிலேயே இழுத்துப் பாருங்கள். இழுத்தால் அகலம் குறுகி மெலிகிற ரகம் ஒன்று உண்டு. அது உள்ளே போனதும் சுருண்டுகொள்ளும். இழுத்தாலும் பட்டையாகவே நிற்கிற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். முக்கால் இன்ச்சுக்குக் குறைவான அகலம் இந்தத் துணியின் பாரத்தைத் தாங்காது.

அளவும் கணக்கும்

எடுக்க வேண்டியது மூன்று அளவு: ஸ்கர்ட் எங்கே உட்கார வேண்டுமோ அந்த இடத்தில் இடுப்பு, உட்காரும் பகுதியின் அதிகபட்சச் சுற்று (இதை ஹிப் என்றே சொல்கிறேன்), இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளம். நீளத்தை வெறுங்காலில் நின்று எடுங்கள். குனிந்து நீங்களே பார்த்தால் டேப் நகர்ந்துவிடும், வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

என் அளவையே எடுத்துக்காட்டாக வைக்கிறேன். இடுப்பு 32, ஹிப் 40, நீளம் 38.

புடவையின் அகலம்தான் ஸ்கர்ட்டின் நீளமாகப் போகிறது. கரை அடியில் வரும், அதற்கு ஓரம் அடிக்கும் வேலையே இல்லை. என் புடவையின் அகலம் 46 இன்ச். ஸ்கர்ட்டுக்கு 38, மேலே எலாஸ்டிக் பட்டிக்கு 2, மொத்தம் 40 போதும். மிச்சம் 6 இன்ச் அகலப் பட்டை ஒன்று கிடைக்கும்.

எந்தக் கரையை அடியில் விடுவது? எல்லோரும் கீழ்க்கரையையே கீழே விடுகிறார்கள். அதுதான் அதிகம் தேய்ந்த கரை. இடுப்பில் செருகப்பட்டிருந்த மேல்கரையைப் பாருங்கள், அநேகமாகப் புதுசு போலவே இருக்கும். புடவையைத் தலைகீழாகத் திருப்பி அந்த மேல்கரையை அடியில் விடுங்கள். நைந்த கீழ்க்கரை வெட்டிப் போகிற 6 இன்ச்சோடு போய்விடும். புள்ளிக்கு மேல் கீழ் கிடையாது. மயில், யானை, கொடி என்று நிற்கிற உருவம் உடலில் இருந்தால் மட்டும் இது உதவாது. ஒரு பக்கம் பெரிய கரை, ஒரு பக்கம் சின்னக் கரை உள்ள புடவையிலும் எது அழகு என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

சுற்றளவுக்கு ஹிப்பைப்போல் இரண்டு மடங்கு, கொஞ்சம் கூட. எனக்கு 46 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு. மூட்டுவதற்குத் துண்டுக்கு ஒரு இன்ச் போனால் 90 இன்ச் சுற்று வரும். மூன்று மடங்கு வைத்தால் ஆடம்பரமாக இருக்கும் என்று தோன்றும். சுங்குடி கனத்தில் அது இடுப்பில் மூட்டை கட்டியதுபோல் புடைக்கும். மல்மல் மாதிரி மெல்லிசான துணிக்கு மட்டும் மூன்று மடங்கு போகலாம். 60 இன்ச்சுக்குக் கீழே இறங்கினால் பஸ் படி ஏறும்போது கால் அகலாது.

ஐந்தரை மீட்டர் புடவை என்றால் 216 இன்ச். அதில் 92 இன்ச் ஒரு ஸ்கர்ட்டுக்கு. துணி முழுக்க நன்றாக இருந்தால் இன்னொரு ஸ்கர்ட்டும் கிடைக்கும், முந்தானை பாக்கெட்டுக்கு மிஞ்சும். புடவை இல்லாமல் 44 இன்ச் பன்னா (துணியின் அகலம்) காட்டன் வாங்கித் தைப்பவர்கள் இதே நீளத்துக்கு இரண்டரை மீட்டர் வாங்குங்கள். அடியில் ஓரம் மடிக்க ஒன்றரை இன்ச் கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.

வெட்டுவது

புடவையின் நீளவாக்கில் 46 இன்ச்சில் சாக்பீஸால் குறியிட்டு, கரையைக் கத்தரியால் வெட்டிவிட்டு, உடல் பகுதியைக் கையால் கிழித்துவிடுங்கள். பருத்தி தன் இழைவழியே நேராகக் கிழியும், எந்த ஸ்கேலும் அவ்வளவு நேர்க்கோடு போடாது. மறுகரை வந்ததும் நிறுத்தி மறுபடி கத்தரி. சரிகை உள்ள கரையைக் கிழிக்க முயன்றால் சரிகை இழுபட்டுச் சுருங்கிப் பாழாகும்.

கிழித்த இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அடிக்கரையிலிருந்து மேல்நோக்கி 40 இன்ச் அளந்து கோடு போட்டு மேல்பகுதியை வெட்டி எடுங்கள். எப்போதும் அடிக்கரையிலிருந்துதான் அளக்க வேண்டும். கரை ஏறி இறங்கினால் அது எல்லோர் கண்ணிலும் படும், மேலே அரை இன்ச் வித்தியாசம் சுருக்கத்துக்குள் மறைந்துவிடும்.

பாக்கெட்

பாக்கெட் இல்லாமல் தைக்கலாம்தான். ஆனால் வீட்டில் தைப்பதன் பெரிய லாபமே நமக்கு வேண்டிய இடத்தில் வேண்டிய ஆழத்துக்குப் பாக்கெட் வைத்துக்கொள்வது. கடையில் வாங்கும் பெண்கள் உடையில் போன் பாதி வெளியே நிற்கிற பாக்கெட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு இதில் பிடிவாதமே வந்துவிட்டது.

முந்தானைத் துணியில் 8 இன்ச் அகலம், 11 இன்ச் உயரத்தில் நான்கு துண்டு வெட்டுங்கள். அடிப்பக்க மூலைகளை ஒரு சின்னத் தட்டை வைத்து உருண்டையாக வரைந்து வெட்டினால் மூலையில் தூசி சேராது. ஸ்கர்ட் துண்டின் பக்கவாட்டு ஓரத்தில், மேல்வெட்டிலிருந்து ஐந்தரை இன்ச் இறங்கிக் குறியிடுங்கள். அங்கே பாக்கெட்டின் நேர் ஓரத்தை, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒட்டும்படி வைத்து, ஓரத்திலிருந்து கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் கூட விட்டுத் தையல் போடுங்கள். நான்கு ஓரத்திலும் இப்படி. பிறகு பாக்கெட்டை வெளியே விரித்து இஸ்திரி.

இனி மூட்டுவது. இரண்டு ஸ்கர்ட் துண்டையும் நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி சேருங்கள். முதலில் அடிக்கரையை அடிக்கரையோடு பொருத்திக் குண்டூசி குத்துங்கள், கரையில் கோடு இருந்தால் கோட்டோடு கோடு சேரட்டும். பாக்கெட்டும் பாக்கெட்டோடு பொருந்த வேண்டும். அரை இன்ச் விட்டு மேலிருந்து தையலைத் தொடங்குங்கள். பாக்கெட் தொடங்கும் இடத்தைத் தாண்டி ஒரு இன்ச் இறங்கி, முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டி போட்டு நிறுத்துங்கள். கை நுழைய ஆறரை இன்ச் விடுங்கள். பெரிய போன் என்றால் ஏழு. அதற்குக் கீழே மறுபடி கெட்டி போட்டு அடிக்கரை வரை நேராக. பிறகு பாக்கெட்டின் மேல்விளிம்பு, வெளி வளைவு, அடிவிளிம்பு என்று சுற்றி வந்து மூடுங்கள். மூடும்போது மேல்விளிம்பின் நடுவில் மூன்று இன்ச் நாடாத் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். அது எதற்கு என்று பட்டி மடிக்கும்போது தெரியும்.

உள்ளே பிசிறு தெரியும் ஓரங்களுக்கு மெஷினில் ஜிக்ஜாக் இருந்தால் அதைப் போடுங்கள். என் பழைய கால் மெஷினில் அது கிடையாது, அதனால் தெருமுனைத் தையல் கடையில் ஓவர்லாக் போட்டு வாங்கிவிடுவேன். ஐந்து நிமிட வேலை. அதற்கும் வழியில்லை என்றால் கையால் சுற்றித் தையுங்கள். அப்படியே விட்டால் நாலு துவைப்பில் தையல் வரை பிரிந்து வந்துவிடும்.

எலாஸ்டிக் பட்டி

மேல் ஓரத்தை உள்பக்கமாக அரை இன்ச் மடித்துச் சுற்றிலும் இஸ்திரி போடுங்கள். அதன்மேல் இன்னொரு முறை ஒன்றரை இன்ச் மடித்து இஸ்திரி. மொத்தம் இரண்டு இன்ச் உள்ளே போய்விட்டது, நீளம் 38-ல் நிற்கும்.

தைப்பதற்கு முன்னால் பக்கவாட்டுத் தையல் இரண்டையும் பாருங்கள். பட்டிக்குள் அந்த அரை இன்ச் ஓரம் தளர்வாக எழுந்து நிற்கும். எலாஸ்டிக் கோர்க்கும்போது ஊக்கு நேராக அதற்குள் போய் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் படுத்தும். மடிப்பைத் திறந்து, அந்த ஓரத்தை ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, நான்கு இன்ச்சுக்கு ஊசிநூலால் துணியோடு தைத்துவிடுங்கள்.

இப்போது மடிப்பை மூடி, பாக்கெட்டின் நாடா நுனியைப் பட்டியின் கீழ்விளிம்புக்குள் கொஞ்சமாகச் செருகிக் குண்டூசி குத்துங்கள். போனின் கனம் முழுதும் பக்கவாட்டுத் தையலில் தொங்காமல் இடுப்பில் தாங்கவே அந்த நாடா. இது இல்லாமல் தைத்த என் இரண்டாவது ஸ்கர்ட்டில் போன் வைத்த பக்கம் எப்போதும் ஒரு இன்ச் இறங்கியே இருந்தது.

பின்பக்கம் ஒரு பக்கவாட்டுத் தையலைத் தாண்டித் தொடங்கி, பட்டியின் கீழ்விளிம்பிலிருந்து அரைக்கால் இன்ச் மேலே சுற்றிலும் தையல் போடுங்கள். சுற்றி வந்து சேர மூன்று இன்ச் இருக்கும்போது நிறுத்துங்கள். எலாஸ்டிக் நுழைய அந்த வாசல். அடுத்து மேல்மடிப்பை ஒட்டி, அரைக்கால் இன்ச் கீழே, வாசல் எதுவும் விடாமல் முழுச் சுற்று ஒரு தையல். நடுவில் ஒன்றேகால் இன்ச் அகலச் சுரங்கம் கிடைக்கும். மேலே போட்ட இந்தத் தையல் எலாஸ்டிக் மடங்கிச் சுருளாமல் பிடிக்கும், இடுப்பில் அழகாக ஒரு விளிம்பும் எழும்பும்.

எலாஸ்டிக்கை அளப்பது

இடுப்பில் இரண்டு இன்ச் கழித்து வெட்டு என்பார்கள், நான்கு கழி என்பார்கள். என் முதல் ஸ்கர்ட்டுக்கு நான்கு கழித்தேன். காலையில் கட்டினேன், ஒரு நீளமான பஸ் பயணம் போய்வந்து மாலையில் கழற்றினால் இடுப்பைச் சுற்றி ரத்தச் சிவப்பாக ஒரு தடம். அடுத்த முறை வேறு எலாஸ்டிக், அதே அளவு. இது வழுக்கிக்கொண்டே இருந்தது. கணக்கு ஒன்றுதான், எலாஸ்டிக்கின் இழுப்புதான் வேறு. கடைக்குக் கடை, ரகத்துக்கு ரகம் அது மாறும். உடம்பும் காலையில் ஒரு மாதிரி, சாப்பிட்டபின் ஒரு மாதிரி.

அதனால் எலாஸ்டிக்கை இப்போதைக்கு வெட்டவே வேண்டாம். நுனியில் ஊக்கு மாட்டி வாசல் வழியாகக் கோர்த்துச் சுற்றிக் கொண்டுவாருங்கள். வால் நுனி உள்ளே ஓடிவிடாமல் இன்னொரு ஊக்கால் துணியோடு குத்திவையுங்கள். உள்ளே எங்கும் முறுக்கிக்கொள்ளவில்லை என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு நுனியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஊக்கால் குத்தி, ஸ்கர்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நில்லுங்கள். நடங்கள். தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்குங்கள். அப்படியே சாப்பிடவும் உட்காருங்கள். ஊக்கோடு அரை நாளாவது போட்டிருங்கள். பாக்கெட்டில் போனை வைத்துக்கொண்டே இதையெல்லாம் செய்யுங்கள், கனம் சேர்ந்தால் இழுப்பு வேறாகத் தெரியும். இறங்கினால் அரை இன்ச் இறுக்குங்கள், அழுத்தினால் அரை இன்ச் விடுங்கள். எனக்கு நல்ல பட்டை எலாஸ்டிக்கில் 30 சரியாக வந்தது. அம்மாவுக்கு இடுப்பில் ஒரு இன்ச்கூடக் குறைக்க முடியவில்லை, வயிற்றில் அறுவைத் தழும்பு இருக்கிறது. அவருக்கு எலாஸ்டிக்கைத் தளர்வாக விட்டு, முன்பக்கம் பட்டியில் இரண்டு சின்னத் துளைக்குக் காஜா எடுத்து, உள்ளே நாடாவும் கோர்த்துக் கொடுத்தேன். வேண்டியபோது இழுத்து முடிந்துகொள்வார்.

கழற்றும்போது ஹிப்பைத் தாண்டி வருகிறதா என்பதையும் பாருங்கள். 30 இன்ச் எலாஸ்டிக் 40 வரை தாராளமாக இழுபட வேண்டும்.

அளவு முடிவானபின் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு இன்ச் ஏறும்படி விட்டு வெட்டுங்கள். பட்டையாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சதுரமாகச் சுற்றித் தைத்து, நடுவில் பெருக்கல் குறிபோல் குறுக்கே தையுங்கள். வாசலைக் கையால் ஓட்டுத் தையல் போட்டு மூடுங்கள், மெஷினில் வேண்டாம்.

பட்டியை நாலைந்து முறை நன்றாக இழுத்து இழுத்து விடுங்கள். சுருக்கம் தானாகச் சமமாகும். பிறகு பக்கவாட்டுத் தையல் இரண்டின்மேலும், எலாஸ்டிக்கோடு சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு தையல். துணி ஒரு பக்கமாக ஓடிச் சேராது, எலாஸ்டிக்கும் திரும்பாது.

குழந்தைகளுக்குத் தைத்தால்

பட்டுப்பாவாடைக்கு உள்ளே மடிப்புப் பிடித்துத் தைத்து, பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதிலும் அதையே செய்யலாம். கரைக்கு மேலே, உள்பக்கமாக இரண்டு இன்ச் மடிப்பு ஒன்று பிடித்துப் பெரிய தையலாக ஓட்டிவிடுங்கள். நான்கு இன்ச் நீளம் உள்ளே காத்திருக்கும். எலாஸ்டிக்கையும் இரண்டு இன்ச் நீட்டமாக விட்டு நுனிகளை ஏற்றித் தையுங்கள். அக்கா மகளுக்கு ஏழு வயசில் தைத்தது இப்படி மூன்று வருஷம் ஓடியது. வெட்டிப்போட்ட 6 இன்ச் பட்டையில் கரை நன்றாக இருந்த இடத்தை எடுத்து அவளுக்குத் தலைமுடிக்கு ரப்பர் பேண்ட் உறை தைத்துக் கொடுத்தேன். ஸ்கர்ட்டைவிட அதற்குத்தான் அவளுக்குச் சந்தோஷம்.

துவைப்பதும் எலாஸ்டிக் மாற்றுவதும்

சுங்குடியின் சாயம் முதல் சில துவைப்பில் போகும். தனியாகத் துவைத்து, உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயவையுங்கள். இஸ்திரி போடும்போது பட்டியின்மேல் சூட்டைக் காட்டாதீர்கள், எலாஸ்டிக்கில் உள்ள ரப்பர் சூட்டில் சீக்கிரம் செத்துவிடும்.

எப்படியும் ஒரு நாள் எலாஸ்டிக் தளரும், துணிக்கு அப்போது ஒன்றும் ஆகியிருக்காது. பக்கவாட்டுத் தையல்மேல் போட்ட இரண்டு சின்னத் தையலையும், கையால் மூடிய அந்த மூன்று இன்ச் வாசலையும் பிரியுங்கள். பழைய எலாஸ்டிக்கை வெட்டி, அதன் ஒரு நுனியிலேயே புதியதை ஊக்கால் மாட்டி, மறுநுனியைப் பிடித்து இழுங்கள். பழையது வெளியே வர வரப் புதியது தானாக உள்ளே போய்ச் சேரும். இரண்டு பக்கத் தையலையும் வாசலையும் திரும்பத் தைத்துவிட்டால், அம்மாவின் புடவை மறுபடியும் கட்டத் தயார்.